கஞ்சா பழக்கம்: உடம்புக்கும் மனசுக்கும் என்ன ஆகிறது, சிகிச்சைக்குப் போனால் வழக்கு வருமா?

மதுரை, தேனி, திண்டுக்கல், ராமநாதபுரம் பக்கத்துச் செய்திகளில் கஞ்சா அடிக்கடி அடிபடுகிறது. ஆந்திரா, ஒடிசா மலைப்பகுதிகளில் இருந்து ரயிலிலும் லாரியிலும் வந்தது, கடற்கரை வழியாக இலங்கைக்குப் போகவிருந்தது, இத்தனை கிலோ பறிமுதல், இத்தனை பேர் கைது, வங்கிக் கணக்கு முடக்கம் என்று வரும் அந்தச் செய்திகள் எல்லாம் கடத்துகிறவர்களைப் பற்றியவை. பொட்டலம் வாங்கிப் புகைக்கிற பையனின் உடம்பில் என்ன நடக்கிறது, அவன் வீட்டார் யாரிடம் போவது என்பதெல்லாம் அவற்றில் இருக்காது.

இதனால் வீடுகளில் இரண்டு எண்ணங்கள் ஊறிப்போயிருக்கின்றன. "செடிதானே, சாராயம் மாதிரி குடலை அரிக்காது" என்பது ஒன்று. "பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனா போலீஸ் கேஸாகிடும்" என்பது இன்னொன்று. இந்த இரண்டையும் நம்பி வருஷக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் இருக்கிறார்கள். கஞ்சாவைப் பொறுத்தவரை அந்தக் காத்திருப்பில்தான் பெரிய சேதம் நடக்கிறது. எப்படி என்பதை அடிப்படையில் இருந்து பார்க்கலாம்.

கஞ்சா மூளையில் என்ன செய்கிறது

கஞ்சாச் செடியின் பூவும் காயும் பிடிக்கும் நுனிப் பகுதியைக் காயவைத்தது கஞ்சா. அதே செடியின் பிசின் சரஸ். இலையை அரைத்தால் பாங். மூன்றிலும் போதை தருவது டி.எச்.சி. என்ற வேதிப்பொருள். 1964-இல் இஸ்ரேல் விஞ்ஞானி ரஃபேல் மெக்கூலமும் அவருடைய சகாக்களும் இதைப் பிரித்தெடுத்தார்கள்.

நம் மூளையில் இந்தப் பொருள் போய் ஒட்டிக்கொள்ள ஏற்கெனவே இடம் இருக்கிறது. பசி, தூக்கம், வலி, பயம், ஞாபகம் ஆகியவற்றைக் கூட்டிக் குறைக்க உடம்பு தானே சில பொருள்களைத் தேவையான அளவு சுரக்கிறது. அவற்றுக்கான ஏற்பிகளில்தான் டி.எச்.சி. போய் உட்காருகிறது, அதுவும் உடம்பு சுரப்பதைவிடப் பல மடங்கு வீச்சோடு. ஞாபகத்துக்கான பகுதி, கை கால் ஒத்துழைப்புக்கான பகுதி, நல்லது கெட்டது யோசித்து முடிவெடுக்கும் முன்மூளை, பயத்தை ஆளும் பகுதி என்று இந்த ஏற்பிகள் மூளை முழுக்கப் பரவிக் கிடக்கின்றன. ஒரே பொருள் ஒருவனைச் சிரிக்க வைத்து, இன்னொருவனைப் பசியில் அலைய வைத்து, மூன்றாமவனை நடுநடுங்க வைப்பது இதனால்தான்.

எந்த வழியில் உள்ளே போகிறது என்பதும் முக்கியம். புகைத்தால் சில நிமிஷங்களில் ஏறி, இரண்டு மூன்று மணி நேரத்தில் இறங்க ஆரம்பிக்கும். கஞ்சா சாக்லேட் மாதிரி தின்றால் அரை மணி முதல் இரண்டு மணி நேரம் வரை ஒன்றும் தெரியாது. "ஒண்ணும் ஏறலையே" என்று இன்னொன்றைத் தின்பான், அப்புறம் இரண்டும் சேர்ந்து ஏறும். பயத்தில் நெஞ்சு படபடத்து அவசர சிகிச்சைப் பிரிவுக்கு வருவதற்கு இது ஒரு காரணம்.

டி.எச்.சி. கொழுப்பில் கரைவது. போதை இறங்கிய பிறகும் உடம்பின் கொழுப்பில் தங்கிச் சிறிது சிறிதாக வெளியேறும். தினமும் புகைத்தவன் நிறுத்திச் சில வாரங்கள் ஆன பிறகும் சிறுநீர்ப் பரிசோதனையில் தெரியலாம். இது தெரியாததால், உண்மையிலேயே நிறுத்திவிட்ட பையனை "பொய் சொல்றான்" என்று வீட்டை விட்டு விரட்டுவதும் நடக்கிறது.

உடம்புக்கு வரும் கேடுகள்

1. படிப்பும் ஞாபகமும். போதையில் இருக்கும்போது புதிதாக எதுவும் மனதில் பதியாது. தினமும் புகைத்தால் இந்த மந்தம் தெளிந்த நேரத்திலும் தொடரும். மூளை ஏறக்குறைய 25 வயது வரை வளர்கிறது. பிளஸ் டூ, பாலிடெக்னிக் படிக்கும் வயதில் தொடங்குகிறவனுக்கும் முப்பது வயதில் தொடங்குகிறவனுக்கும் ஒரே அளவு பாதிப்பு வருவதில்லை.

2. நெஞ்சு. புகைத்த சில நிமிஷங்களில் நாடித்துடிப்பு நிமிஷத்துக்கு 20 முதல் 50 வரை கூடலாம். இதய நோயோ அதற்கான குடும்ப வரலாறோ உள்ளவருக்கு, புகைத்த முதல் ஒரு மணி நேரம் ஆபத்தானது.

3. நுரையீரல். நம் ஊரில் கஞ்சாவை யாரும் தனியாகப் புகைப்பது குறைவு. பீடியிலோ சிகரெட்டிலோ தூளை உதிர்த்துக் கலந்து புகைக்கிறார்கள். நாள்பட்ட இருமலும் சளியும் அதில் வருகின்றன, புகையிலைக்கும் சேர்த்தே அடிமையாகிறார்கள்.

4. வண்டி ஓட்டுவது. தூரத்தைக் கணிப்பதும் சட்டென்று பிரேக் போடுவதும் தடுமாறும். கூடக் குடித்திருந்தால் இரண்டும் சேர்ந்து இன்னும் மோசம். ரிங் ரோட்டில் ராத்திரி ஓட்டுகிறவனுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

5. கர்ப்பம். கர்ப்பிணி புகைத்தால் குழந்தை எடை குறைந்து பிறக்க வாய்ப்பு அதிகம்.

6. அடங்காத வாந்தி. மருத்துவர்களே சில சமயம் தவறவிடுவது இது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். பல மாதம், பல வருஷம் தினமும் புகைத்த சிலருக்கு, விட்டு விட்டு, மணிக்கணக்கில் வாந்தியும் வயிற்று வலியும் வரும். கஞ்சா குமட்டலைக் குறைக்கும் என்றுதான் பொதுவாகச் சொல்வார்கள். இவர்களுக்கு நேர்மாறாக நடக்கும். வீட்டில் அல்சர் என்று நினைத்து ஜெலுசில் வாங்கிக் கொடுப்பார்கள், ஸ்கேன் எடுப்பார்கள், எண்டோஸ்கோப்பி பார்ப்பார்கள், எதிலும் ஒன்றும் தெரியாது. ஆனால் ஓர் அடையாளம் உண்டு. வெந்நீரில் குளித்தால் இவர்களுக்கு வாந்தி அடங்கும். மதுரையின் கத்திரி வெயிலில், வீடே ஃபேனுக்கு அடியில் சுருண்டு கிடக்கும்போது, ஒரு பையன் ஒரு நாளைக்கு நாலைந்து தடவை கொதிக்கக் கொதிக்க வெந்நீர் கேட்டுக் குளியலறைக்குள் போகிறான் என்றால், டாக்டரிடம் கஞ்சாவைப் பற்றியும் சொல்லிவிடுங்கள். 2004-இல் ஆஸ்திரேலிய மருத்துவர்கள் இந்த வெந்நீர்க் குளியலோடு சேர்த்து இந்த நோயை விவரித்தார்கள். கஞ்சாவை முழுதாக நிறுத்துவதுதான் இதற்கு நிலையான மருந்து.

மனசுக்கு வரும் கேடு: இங்கேதான் அவசரம்

போதையில் இருக்கும் சில மணி நேரம் பயமும் சந்தேகமும் வந்து, தெளிந்ததும் போய்விடுவது ஒரு வகை. தெளிந்த பிறகும் போகாமல், நாள்கணக்கில், வாரக்கணக்கில் நிற்பது இன்னொரு வகை. இரண்டாவதைத்தான் மனச்சிதைவின், அதாவது இல்லாததை உண்மை என்று நம்ப வைக்கும் மனநோயின், தொடக்கமாக மருத்துவர்கள் சந்தேகிப்பார்கள்.

அது இப்படித்தான் தெரிய ஆரம்பிக்கும். டீக்கடையில் எல்லோரும் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்பான். செல்போனில் யாரோ ஒட்டுக்கேட்கிறார்கள் என்று சிம்மைக் கழற்றி எறிவான். அம்மா போட்ட சோற்றை, இதில் ஏதோ கலந்திருக்கிறது என்று தள்ளிவிடுவான். ராத்திரி முழுக்கத் தூங்காமல் மொட்டை மாடியில் நடப்பான். யாரும் இல்லாத இடத்தில் பதில் பேசுவான். குளிப்பதும் சட்டை மாற்றுவதும் நின்றுபோகும்.

கஞ்சா புகைக்கிற எல்லோருக்கும் இது வராது, பெரும்பாலானவர்களுக்கு வராது. ஆனால் வருகிறவர்களின் எண்ணிக்கையைக் கஞ்சா கூட்டுகிறது என்பதற்குச் சான்று வலுவானது. சுவீடனில் ராணுவப் பணிக்கு வந்த சுமார் 45,000 இளைஞர்களை 15 ஆண்டுகள் தொடர்ந்து பார்த்த ஆய்வு 1987-இல் வெளியானது. ஐம்பது தடவைக்கு மேல் கஞ்சா புகைத்ததாகச் சொன்னவர்களுக்கு, புகைக்காதவர்களைவிட ஏறக்குறைய 6 மடங்கு அதிகமாக மனச்சிதைவு வந்திருந்தது. வேறு காரணங்களைக் கழித்துப் பார்த்தால் அந்த மடங்கு குறைகிறது, ஆனால் இல்லாமல் போகவில்லை. 2019-இல் வந்த ஐரோப்பிய ஆய்வில், தினமும் புகைக்கிறவர்களுக்கு மனச்சிதைவு போன்ற நோய்க்கான வாய்ப்பு சுமார் 3 மடங்கு. வீரியம் கூடிய கஞ்சாவைத் தினமும் புகைக்கிறவர்களுக்கு ஏறக்குறைய 5 மடங்கு. ரத்த உறவில் யாருக்காவது மனநோய் இருந்தால், சின்ன வயதில் தொடங்கினால், ஆபத்து மேலும் கூடும்.

வீரியம் என்பது சின்ன விஷயமில்லை. அமெரிக்காவில் பறிமுதல் செய்யப்பட்ட கஞ்சாவில் டி.எச்.சி. 1995-இல் சுமார் 4 சதவீதம், 2014-இல் சுமார் 12 சதவீதம். தாத்தா காலத்தில் சாமியார்கள் புகைத்ததைச் சொல்லி இன்றைய சரக்கைச் சாதாரணமாக எண்ணக்கூடாது. மண்ணில்லாமல் சத்து நீரில் வளர்க்கும் ஹைட்ரோபோனிக் கஞ்சா என்று விமான நிலையங்களில் பிடிபடுவதாகச் செய்தி வருகிறதே, அது வீரியத்துக்காகவே வளர்க்கப்படுவது.

இப்படி மனநிலை குலையத் தொடங்கியதில் இருந்து முதல் மாத்திரை வரை எவ்வளவு காலம் போகிறதோ, அவ்வளவுக்குக் குணமாவது சிரமமாகிறது. நம் பக்கத்தில் அந்தக் காலம் எங்கே போகிறது என்பது தெரிந்ததுதான். காத்து கருப்பு, செய்வினை என்று கோடாங்கியிடம் போகிறார்கள், பாண்டி கோயிலில் கொண்டுபோய் உட்கார வைக்கிறார்கள், தர்காவில் மந்திரித்துத் தாயத்துக் கட்டுகிறார்கள். சாமி கும்பிட வேண்டாம் என்று எந்த மனநல மருத்துவரும் சொல்லமாட்டார். கோயிலுக்குப் போகிற அதே வாரத்தில் மருத்துவரிடமும் போக வேண்டும் என்பதுதான் விஷயம். "ஒரு கால்கட்டுப் போட்டா சரியாயிடும்" என்று கல்யாணம் செய்து வைப்பது மட்டும் கூடவே கூடாது. நோய் அப்படியே இருக்கும், விவரம் தெரியாமல் வந்த ஒரு பெண்ணின் வாழ்க்கையும் சேர்ந்து நாசமாகும்.

பழக்கம் எப்போது அடிமைத்தனம் ஆகிறது

கஞ்சாவைத் தொட்டவர்களில் ஏறக்குறைய 9 சதவீதம் பேர் அடிமையாகிறார்கள். பதின்ம வயதில் தொடங்கியவர்களில் இது 6 பேருக்கு ஒருவர். தினமும் புகைக்கிறவர்களில் இன்னும் அதிகம். இந்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி, பாங்கும் சேர்த்து சுமார் 3.1 கோடி பேர் முந்தைய ஓராண்டில் கஞ்சா வகைகளைப் பயன்படுத்தியிருந்தார்கள். அவர்களில் சுமார் 72 லட்சம் பேருக்கு உதவி தேவைப்பட்டது.

"எத்தனை பொட்டலம்" என்பதைவிட வேறு சில கேள்விகளே முக்கியம். முன்பு போதுமாக இருந்த அளவு இப்போது போதவில்லையா? காலையில் எழுந்ததும் தேடுகிறானா? குறைக்க முயன்று முடியாமல் போனதா? வேலை, கிரிக்கெட், பழைய சிநேகிதர்கள் எல்லாம் விட்டுப்போய்விட்டதா?

நிறுத்தினால் என்ன வரும் என்பதையும் வீட்டார் தெரிந்துகொள்ள வேண்டும். ஓரிரு நாளில் எரிச்சல், தூக்கமின்மை, கெட்ட கனவு, பசியின்மை, வியர்வை, படபடப்பு எல்லாம் தொடங்கும். முதல் வாரம் உச்சம். இரண்டு மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கிவிடும், தூக்கம் மட்டும் சரியாக இன்னும் கொஞ்ச நாள் எடுக்கலாம். இதைத் தெரியாத பெற்றோர், "நிறுத்தினதுக்கு அப்புறம்தான் இன்னும் மோசமா கத்துறான்" என்று சண்டைக்கு நிற்கிறார்கள். அவன் அன்றைக்கே மறுபடி தேடிப் போகிறான். அந்த முதல் பத்து நாள் வீட்டில் குரல் உயராமல் இருந்தாலே பாதி வேலை முடிந்தது.

ஒரு எச்சரிக்கை. கஞ்சாவை மட்டும் திடீரென்று நிறுத்துவதால் பொதுவாக உயிருக்கு ஆபத்து வராது. ஆனால் அதோடு தினமும் சாராயமோ தூக்க மாத்திரையோ இருந்தால் கதை வேறு. அவற்றைச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம், உயிரே போகலாம். அப்படிப்பட்டவரை வீட்டில் பூட்டி வைத்து நிறுத்த முயலக்கூடாது, மருத்துவமனையில்தான் நிறுத்த வேண்டும்.

"வெளிநாட்டில் அனுமதித்துவிட்டார்களே?"

2013-இல் உருகுவேயும் 2018-இல் கனடாவும் சட்டப்படி அனுமதித்தன. அனுமதி என்றால் கேடில்லை என்று பொருளில்லை. சிகரெட்டும் சட்டப்படி விற்பதுதான். 2020 டிசம்பரில் ஐ.நா. ஆணையம் கஞ்சாவை மிகக் கடுமையான பட்டியலில் இருந்து எடுத்தது, இந்தியாவும் அதற்கு ஆதரவாக வாக்களித்தது. இது மருத்துவ ஆராய்ச்சிக்கு வழிவிட்ட முடிவு. சர்வதேசக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் கஞ்சா இன்னும் இருக்கிறது, இந்தியாவில் சட்டமும் மாறவில்லை.

சட்டம் என்ன சொல்கிறது

போதைப் பொருள் தடுப்புச் சட்டம் 1985-இல் வந்தது. கஞ்சாவுக்கு அதில் மூன்று படிகள்.

1. ஒரு கிலோவுக்குள் சிறிய அளவு. ஓராண்டு வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

2. ஒரு கிலோ முதல் 20 கிலோ வரை. பத்து ஆண்டு வரை சிறை, ஒரு லட்சம் வரை அபராதம்.

3. இருபது கிலோவுக்கு மேல் வணிக அளவு. குறைந்தது 10 ஆண்டு, கூடினால் 20 ஆண்டு. ஜாமீன் கிடைப்பது மிகக் கடினம்.

புகைத்தது மட்டும் குற்றச்சாட்டு என்றால் பிரிவு 27. ஆறு மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

இதே சட்டத்தில் 64ஏ என்ற பிரிவு இருப்பது பலருக்குத் தெரியாது. போதைக்கு அடிமையான ஒருவர் மீது புகைத்ததற்கோ சிறிய அளவு வைத்திருந்ததற்கோ வழக்கு இருந்தாலும், அவர் தானாக முன்வந்து அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த மருத்துவமனையில் சிகிச்சை எடுத்தால், அந்தக் குற்றத்துக்காக அவரைத் தண்டிக்க முடியாது. சிகிச்சையைப் பாதியில் விட்டால் இந்தப் பாதுகாப்பு பறிபோகலாம். விற்றவருக்கும் கிலோக்கணக்கில் கொண்டுபோனவருக்கும் இது பொருந்தாது. சிநேகிதனுக்காக ஒரு பையைக் கொண்டுபோய்க் கொடுப்பதும், சும்மா புகைப்பதும் சட்டத்தின் கண்ணில் வேறு வேறு என்பதைப் பையன்களுக்குச் சொல்லிவைக்க வேண்டும்.

வழக்கே இல்லாதவருக்கு இந்தக் கவலையும் தேவையில்லை. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டம் போதைப் பழக்கத்தால் வரும் பாதிப்பையும் மனநோயாகவே எடுத்துக்கொள்கிறது. நோயாளியின் விவரங்களை ரகசியமாக வைத்திருப்பது மருத்துவமனையின் கடமை. அடிதடியிலோ விபத்திலோ காயம்பட்டு வந்தால் மட்டும், எந்த நோயாளிக்கும் போல, விபத்துப் பதிவேட்டில் எழுதிக் காவல் நிலையத்துக்குத் தகவல் போகும். அமைதியாக ஓ.பி.யில் வந்து "விட முடியலை சார்" என்று சொல்வதற்கு வழக்குப் போடுவதில்லை.

எங்கே போவது, அங்கே என்ன நடக்கும்

மதுரையில் முதலில் போக வேண்டிய இடம் பனகல் சாலையில் உள்ள அரசு ராஜாஜி மருத்துவமனை, அதாவது பெரியாஸ்பத்திரி. அங்கே மனநலப் பிரிவு இருக்கிறது. காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு எடுக்க வேண்டும், ஆகவே உசிலம்பட்டி, மேலூர் பக்கத்தில் இருந்து வருகிறவர்கள் விடியற்காலை பஸ்ஸைப் பிடிப்பது நல்லது. போதை மறுவாழ்வுக்காக 2025-இல் தமிழ்நாடு அரசு 25 அரசு மருத்துவமனைகளில் "கலங்கரை" மையங்களைத் தொடங்கியது.

நேரில் போகத் தயக்கம் என்றால் முதலில் தொலைபேசியில் பேசலாம். மத்திய அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே, இரவிலும் பேசலாம். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446. தமிழ்நாடு அரசின் மருத்துவ உதவி எண் 104.

முதல் நாளில் மருத்துவர் கேட்பது பெரும்பாலும் கேள்விகள்தான். எந்த வயதில் ஆரம்பித்தாய், தனியாகவா கூட்டத்திலா, பீடியில் கலந்தா, மாத்திரை ஏதாவது உண்டா, காதில் குரல் கேட்கிறதா, சாகத் தோன்றியதா, வீட்டில் யாருக்காவது மனநோய் இருந்ததா? அம்மாவும் அப்பாவும் பக்கத்தில் இருந்தால் பல கேள்விக்கு உண்மையான பதில் வராது. கொஞ்ச நேரம் வெளியே இருக்கச் சொன்னால் சங்கடப்படாமல் எழுந்து போய்விட வேண்டும்.

கஞ்சாவை மட்டும் புகைக்கிறவர்களில் பலருக்கு அட்மிஷன் தேவைப்படாது. மனச்சிதைவின் அறிகுறி, தற்கொலை எண்ணம், சாராயமோ மாத்திரையோ சேர்ந்த பழக்கம் இவை இருந்தால் சேர்க்கச் சொல்வார்கள். ஹெராயினுக்கு இருப்பது போலக் கஞ்சாவுக்கு மாற்று மாத்திரை இதுவரை கிடையாது. தூக்கத்துக்கும் படபடப்புக்கும் சில நாள் மருந்து கொடுப்பார்கள், மனச்சிதைவு இருந்தால் அதற்குத் தனி மருந்து. மிச்ச வேலை எல்லாம் கவுன்சிலிங்கில்தான். எந்த நேரத்தில் கை தேடுகிறது, யார் கூப்பிட்டால் போகிறான், கையில் காசு எப்போது இருக்கிறது, அந்த நேரத்தை வேறு எதால் நிரப்புவது என்று ஒவ்வொன்றாக உட்கார்ந்து பேசுவார்கள். ஒரு தடவை பேசி முடிகிற காரியமில்லை, மாதக்கணக்கில் போய்வர வேண்டும்.

தனியார் மறுவாழ்வு இல்லத்தில் சேர்ப்பதானால் இரண்டு விஷயங்களைப் பார்த்தே ஆக வேண்டும். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த சான்று இருக்கிறதா? மனநல மருத்துவர் வந்து பார்க்கிறாரா? அடிப்பது, கட்டிப்போடுவது, குடும்பத்தைப் பார்க்க விடாமல் வைப்பது இவை சிகிச்சை இல்லை. சங்கிலியால் கட்டுவதைச் சட்டம் முற்றிலும் தடை செய்திருக்கிறது. 2001 ஆகஸ்டில் ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் தீயில் இருந்து ஓட முடியாமல் 28 பேர் இறந்தது, இங்கிருந்து சில மணி நேரப் பயண தூரத்தில்தான்.

வர மறுத்தால், திரும்பத் தொடங்கினால்

பையன் வரமாட்டேன் என்றால் வீட்டார் மட்டும் முதலில் போகலாம். எப்படிப் பேசுவது, எதற்குப் பணம் கொடுப்பதை நிறுத்துவது, எது ஆபத்தின் அறிகுறி என்று மருத்துவரோ ஆலோசகரோ சொல்லித் தருவார். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோரின் ஒப்புதலில் சேர்க்க முடியும். பெரியவர் தன்னையோ பிறரையோ தாக்கும் நிலையில் இருந்தால், இரண்டு மனநல வல்லுநர்கள் தனித்தனியாகப் பரிசோதித்துச் சரி என்றால், அவர் சம்மதம் இல்லாமலும் 30 நாள் வரை சேர்த்துச் சிகிச்சை தரச் சட்டத்தில் இடமுண்டு.

நிறுத்திய பிறகு மறுபடி புகைப்பது பலருக்கு நடக்கிறது. பெரும்பாலும் பழைய கூட்டாளி ஊருக்கு வந்த நாளிலோ, திருவிழா ராத்திரியிலோ, கையில் சம்பளம் வந்த அன்றைக்கோதான். அதற்காகச் சிகிச்சையே வீண் என்று மருத்துவமனைச் சீட்டைக் கிழித்துப் போட்டுவிடக் கூடாது. அந்த வாரமே பழைய சீட்டோடு போய், நடந்ததை மறைக்காமல் சொன்னால், விட்ட இடத்தில் இருந்து தொடர முடியும். கூடவே சந்தேகமோ காதில் குரலோ தலைகாட்டினால் வாரக் கடைசி வரை காத்திருக்காமல் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். ராத்திரியானாலும் அவசர சிகிச்சைப் பிரிவு திறந்தே இருக்கும்.